லாடமும் பதினேழு கல்லும்

ஜூன் 8, 2025, ஞாயிறு

கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி சந்தை. ஆடு, மாடு, கோழி எல்லாம் தாண்டி, பழைய இரும்பும் கயிறும் கழுத்துமணியும் விற்கிற வரிசைக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. ஒரு பெரியவர் சாக்கை விரித்து லாடம் குவித்து வைத்திருந்தார். பாதி புதுசு, பாதி மாட்டுக் காலிலிருந்து கழற்றியது. கழற்றினதுதான் வேண்டும் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

"தேஞ்சதை வாங்கி என்னம்மா பண்ணுவ, மாட்டுக்கு ஆகாதே."

"மாட்டுக்கு இல்லைங்க, கழுத்துக்கு."

அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை. எடை போட்டுக் கொடுத்துவிட்டார். தேய்ந்த பொருளில் நகை செய்வது என் வேலை என்று நானும் விளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். மாட்டுக் குளம்பு பிளந்தது என்பதால் காலுக்கு 2 லாடம், மாட்டுக்கு 8, ஒரு ஜோடிக்கு 16. பிறை வடிவத்தில் சின்னத் தகடு, அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த பிறகு ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. நான் எடுத்து வைத்திருப்பதில் வெளி ஓரம் விரலை அறுக்கிற அளவுக்கு மெலிந்திருக்கிறது, உள் ஓரம் அப்படியே தடிமனாக நிற்கிறது. ஆணித்தலை உட்கார்ந்த இடமெல்லாம் பள்ளம். ஒரு ஓட்டையில் முறிந்த ஆணி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அந்த மாடு ஒரு பக்கமாகச் சாய்த்து மிதித்திருக்கும் போல.

ஜூன் 10

துருவை என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் பாதி. ஆசிட்டில் போட்டால் பளபளவென்று வந்துவிடும், ஆனால் அப்புறம் அது கடையில் வாங்கிய இரும்புத் தகடு. உதிர்கிற துருவை மட்டும் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். ஒட்டி நிற்பது நிற்கட்டும்.

பிறகு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்து, கொதிக்கவிட்டு அதில் போட்டேன். கடுக்காயில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருத்துவிடும். கலம்காரி துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்கள் நம்புவதும் இதே சேர்க்கையைத்தான். எடுக்கும்போது பழுப்பு போய் நீலம் கலந்த கறுப்பு வந்திருந்தது. காயவைத்து, சூடு இருக்கும்போதே தேன்மெழுகு தடவினேன். வாசனை அறை முழுக்க.

ஜூன் 13

பழையபேட்டையில் பத்தரிடம் காட்டினேன். ஊதுகுழலும் சாமணமும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் கையில் படாமல் எதுவும் முடிந்த மாதிரி எனக்குத் தோன்றாது.

"இரும்பு சனீஸ்வரனோட சாமான். எவ கழுத்துல போடுவா?"

"பிள்ளை பெத்தவ தலைமாட்டுல அருவாளை வைக்கச் சொல்றவரும் நீங்கதானே தாத்தா."

"அது காவலுக்கு."

"இதுவும் அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளியை நேரா இதும்மேல வைக்காத. வேர்வை பட்டா இரும்புதான் முதல்ல போகும்" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் தோல் வைக்கப் போகிறேன்.

இரும்பை இளக்காரமாகப் பார்க்கிற ஊர் இது இல்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். இந்த வருஷம் ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளை அதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது, அது வேறு கதை. இருந்தாலும் நம்ம மாவட்டத்தில் பொன்னைப் பற்றி இப்படிப் பெருமை பேச ஒன்றும் இல்லையே.

ஜூன் 19

மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு வெளியே பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. விலை விழுந்துவிட்டது, யாரைக் கேட்டாலும் புலம்பல். இந்த சீசனில் என்னைப் பார்க்கிற எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்று உண்டு: "மாங்கொட்டையில ஏதாச்சும் பண்ணலாமே." மாம்பழ ஊர் என்றால் மாங்கொட்டைதானா? அது பஸ் ஸ்டாண்டில் விற்கிற சாவிக்கொத்து. யாராவது ஒருத்தர், இந்த ஒரு கொட்டையை மட்டும் ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்று சொன்னால் அன்றைக்குச் செய்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஃபேக்டரியில் சீசன் வேலைக்குப் போகிற பக்கத்துத் தெரு அக்கா வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். எச்எம்டி ஜனதா, கைச்சாவி கொடுக்கிற வாட்ச். அவர் அப்பாவுடையது. கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் லஸ்கராக இருந்தவராம், மதகு திறக்கிற நேரமும் மூடுகிற நேரமும் நோட்டில் எழுத வேண்டிய வேலை.

"ஓடலை பாப்பா. கடையில குடுத்தா காசும் வராது. பொண்ணுக்கு வயசாயிட்டு வருது, அவளுக்கு இதுல ஏதாச்சும் செஞ்சு குடு."

"இதுல தங்கம் இல்லையேக்கா."

"அது எனக்குத் தெரியாதா?"

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, உள்ளே 17 சிவப்புக் கல் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. பின்மூடியைத் திறந்து லென்ஸைக் கையில் கொடுத்தேன். சக்கரங்களின் அச்சு முனை சுற்றுகிற இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. செயற்கை மாணிக்கம்தான், உராய்ந்து தேயாமல் இருக்க வைப்பது. அக்கா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா எங்கப்பா கல்லு வெச்ச நகையா போட்டுட்டு இருந்தாரு?"

ஜூன் 25

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் ரிப்பேர் அண்ணன் ஒரு கல்லைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். முதலில் தயங்கினார். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் முடிவெடுத்ததிலிருந்து ஜனதாவைத் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஓட வைத்தால் நல்ல விலைக்குப் போகும் என்றார். விற்பதற்கு இல்லை என்றேன். சரி என்று உட்கார்ந்தார்.

வெள்ளைத் தட்டில் வைத்தும் கல்லைக் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் சொச்சம். லென்ஸில்தான் அதன் அழகு. நடுவில் ஊசி ஓட்டை, அதைச் சுற்றி வழவழவென்று ஒரு குழி, துளி எண்ணெய் நின்று அச்சுக்கு இறங்குவதற்கு. நகைக்கல்லில் யாரும் இப்படிப் பட்டை தீட்டமாட்டார்கள். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

மூக்குத்திதான். வேறு எதற்கும் இந்த அளவு பொருந்தாது. தங்கக் குழாயில் கல்லை இறக்கி விளிம்பை மடக்க வேண்டும், ஓட்டையை அடைக்கக் கூடாது.

ஜூலை 4

அக்கா கேட்டது: "எத்தனை கிராம் வரும்?" எல்லோரும் கேட்பது இதைத்தான். சவரன் 70,000 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் கேட்காமல் என்ன செய்வார்கள். எடை, சேதாரம், செய்கூலி, இந்த மூன்றில்தான் நம்ம ஊரில் நகைக்கு விலை. என் வேலையில் எடை ஒன்றுமில்லை, சேதாரம் ஏற்கனவே நடந்து முடிந்தது, மிச்சம் கூலி. பத்தர் கூலி எவ்வளவோ அதே கூலி போடுகிறேன், மணிக்கணக்கில். 'கலை' என்று சொல்லி அதற்குமேல் ஏற்றுவது எனக்கு வராது. குறைத்துக் கேட்டாலும் கொடுப்பதில்லை.

ஜூலை 13

பெண்ணுக்கு மூக்குத்தி பிடிக்கவில்லையாம். "இருக்கா இல்லையான்னே தெரியலை" என்றாளாம். அக்காவே போட்டுக்கொண்டார். வேலை நேரத்தில் கழற்றிவிட வேண்டும், உள்ளே நகை போட விடமாட்டார்கள். கம்மல்கூடக் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொள்கிறார். வாட்ச்சை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன், 16 கல்லோடு.

ஜூலை 21

பெங்களூரில் ஒரு சிறிய கண்காட்சிக்கு லாடத்தைக் கேட்கிறார்கள். கூடவே 'கருத்துரை' ஒரு பக்கம் வேண்டுமாம். வெளிநாட்டில் யார் பாதிப்பு என்றும் ஒரு கேள்வி. சுவிட்சர்லாந்துக்காரர் பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர் 1980களில் உடைந்த பாட்டில் கழுத்துகளைக் கோத்து மாலை செய்தார். படத்தில் பார்த்தபோது தூக்கம் போனது உண்மைதான். அதை எழுதினேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒன்றைப் பார்த்தாயிற்று. பிள்ளைக்கு உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்து, வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, அரைஞாணில் கட்டுவார்கள். என்னுடையதும் பாட்டி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மூடியின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும். நான் கடித்ததாம். பாட்டி அந்த நசுங்கலை நிமிர்த்த விட்டதே இல்லை. அதையும் எழுதி அனுப்பினேன், முதல் பத்தியாக. ஷோபிங்கர் இரண்டாவது.

ஆகஸ்ட் 3, ஆடி 18

தென்பெண்ணை ஓரம் கூட்டம். தாலிக்கயிறு மாற்றுகிற பெண்கள், முளைப்பாரி, சித்திரான்னம். நானும் லாடத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்கப் போட்டுப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. நடுவில் வைத்த தோல் வேர்வையைத் தாங்கியது, சட்டையில் கறை இல்லை. மெலிந்த ஓரத்தை நான் அரத்தால் மழுக்கவில்லை, தோலை அதன்மேல் கொஞ்சம் ஏற்றி மடக்கியிருக்கிறேன். தோலோடு பிடித்திருப்பதும் லாட ஆணிகளேதான், குளம்பில் அடித்து மடக்குகிற மாதிரியே. எந்த ஓட்டையும் புதிதாகப் போடவில்லை. முறிந்த ஆணி அதே இடத்தில்.

தெரிந்த பாட்டி ஒருத்தி தொட்டுப் பார்த்து, "இது வலது கால் லாடம்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "மாடு வெச்சிருந்தவளுக்குத் தெரியாதா?"

ஆகஸ்ட் 6

பத்தர் கடைசியாக ஒருமுறை பார்த்தார். லாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கொக்கியைத்தான் பிடித்துக்கொண்டார். "இந்தக் கனத்துக்கு இது பத்தாது, திருகு வை." திருகு வைத்தால் தனியாக இருக்கிறவள் பின்கழுத்தில் தானே மாட்ட முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டும். கொக்கிதான் இருக்கும், கம்பியை மட்டும் தடிமனாக இழுத்துக்கொள்கிறேன் என்றேன். முனகினார். கண்காட்சிப் பட்டியலில் பொருள் என்ற இடத்தில் தேய்ந்த லாடம், லாட ஆணி, தோல், வெள்ளிச் சங்கிலி, கடுக்காய், தேன்மெழுகு என்று எழுதியாயிற்று. விலை எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் கம்பி இழுத்துக் கொக்கியை மாற்றினால் சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.