பொழுதோட முடிச்சிருங்க சார்

"பொழுதோட முடிச்சிருங்க சார்." இறந்துபோன எங்கள் கபடிக் கழகப் பையன் ஒருவனின் நினைவாகப் போட்டி வைக்கப் போகிறோம் என்றபோது, அவன் அம்மா எங்களிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

"பகல்ல வச்சா கூட்டம் வராதுக்கா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கபடிக்கு விசில் ஊதுகிறவனுக்கு இது நாக்கு நுனியிலேயே இருக்கும். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி சார், ஒங்களுக்குத் தெரியாததா" என்று காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நினைவுக் கோப்பை நல்லபடியாக நடந்து முடிந்தது. இரண்டாம் ஆண்டுப் போட்டிக்கு நாளும் குறித்தாயிற்று. அந்தத் திண்ணைப் பேச்சு மட்டும் என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, திடீரென்று வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். "பாப்போம்க்கா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு மூன்று பேர் போயிருந்தோம். நான், கழகச் செயலாளர், அவன் கூட கார்னரில் நின்று ஆடிய பையன். அம்மாவிடம் அனுமதி கேட்கப் போனோம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் தேதி, மைதானம், பரிசுத்தொகை எல்லாம் முடிவாகி, மைக்செட்டுக்கு முன்பணமும் கொடுத்திருந்தோம். நோட்டீஸில் போட ஒரு போட்டோ வேண்டும், அதற்காகத்தான் போனது. அவர் பீரோவில் தேடி, கோடுபோட்ட சட்டையில் தலைசீவி நிற்கிற போட்டோவை எடுத்துத் தந்தார். "இதுல நல்லாருக்கான்ல சார்?" என்று கேட்டார். அதைக் கொடுத்துவிட்டுத்தான் பொழுதோட முடிக்கச் சொன்னார். கடைசியில் பையன்கள் அந்தப் போட்டோவையும் போடவில்லை. ரெய்டில் தொடையைத் தட்டிக்கொண்டு போகிற படம் ஒன்று யாரோ செல்போனில் வைத்திருந்தார்கள், அதைப் போட்டார்கள்.

அவன் இறந்தது ஆடுகளத்தில் இல்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு மின்னொளிப் போட்டி. காலிறுதியில் தோற்று, விடியக்காலை மூன்றரைக்கு மேல் பைக்கில் கிளம்பியிருக்கிறான். மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில், ஓரமாக நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டான். பின்னால் உட்கார்ந்து வந்தவன் பிழைத்துக்கொண்டான். அவனும் தூங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறான், அதனால் ஒன்றும் தெரியாது என்கிறான். அந்த நேரத்தில் அம்மா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மல்லிகை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது அங்கேதான். அவனுக்கு இருபத்தொரு வயது.

"அது ரோட்டு விபத்து சார். கபடியா கொன்னுச்சு?" திண்ணையிலிருந்து திரும்பி வரும்போது செயலாளர் கேட்டார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு பையன் ஆட்டத்தின் நடுவிலேயே விழுந்து இறந்தான், வாங்கிய கோப்பையோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். அதைக் கபடிச் சாவு என்று சொல்லலாம். இது அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதே வருஷம் ஏப்ரல் 17-ம் தேதி டேபிள் டென்னிஸ் வீரர் விஸ்வா தீனதயாளன் இறந்ததும் ரோட்டில்தான். தேசியப் போட்டிக்காக ஷில்லாங் போகிற வழியில், பதினெட்டு வயதில். அவரை நாம் விளையாட்டு வீரர் ஒருவரை இழந்துவிட்டோம் என்றுதானே பேசினோம்? போகிற வழி விளையாட்டோடு சேர்ந்தது என்றால் திரும்பி வருகிற வழியும் சேர்ந்ததுதான். அதுவும் தோற்று, வேர்வை காய்ந்து, தூக்கக் கண்ணோடு வருகிற வழி. அந்த நேரத்தில் அவனை ரோட்டில் விட்டது யார் என்று கேட்டால், லாரிக்காரரை மட்டும் கைகாட்ட முடியவில்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் மில்லுக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள். பகலில் ஆட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். வைகாசி வெயிலில் மத்தியானம் தரையில் கால் வைக்க முடியாது, கீழே விழுந்து புரள்கிற ஆட்டம் வேறு. பரிசுக்கு உபயம் கொடுக்கிறவர்கள் கூட்டத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கூட்டம் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் வரும். இதெல்லாம் பொய் இல்லை.

ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்திரண்டு அணி வந்தால், தோற்ற அணி வெளியேறுகிற நாக்அவுட்டில் நாற்பத்தோரு ஆட்டம். ஆடுகளம் இரண்டு. ஒரு ஆட்டத்துக்கு அரை மணி நேரம் என்றால், ஏழு மணிக்கு ஆரம்பித்தது முடிய விடிந்துவிடும். பதினாறு அணியோடு நிறுத்தினால் பதினோரு மணிக்கெல்லாம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாம். பகலா ராத்திரியா என்பதைத் தவிர வேறு வழியே இல்லாத மாதிரி அவரிடம் பேசினேன். வழி இருந்தது. வந்த டீமை எப்படித் திருப்பி அனுப்புவது, நுழைவுக் கட்டணம் குறையுமே என்ற யோசனையில் அது என் கண்ணில் படவில்லை. உடற்கல்வி ஆசிரியர் நான். மாவட்டப் போட்டிக்கு ஃபிக்சர் போடுகிறவன். எனக்குத் தெரியாத கணக்கு இல்லை இது.

அவனுக்கு என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டபோதும் நான்தான் அதிகம் பேசினேன். அவன் 5-ம் நம்பர் பனியன். அதை இனிமேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரு பையன் ஆரம்பித்தான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்து இறந்ததையும், டெம்போ அவருடைய 10-ம் நம்பரை அதோடு நிறுத்திவிட்டதையும் சொன்னேன். 2003-ல் லியோனில் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்த கேமரூன் வீரர் ஃபோவைப் பற்றியும், அவர் ஆடிய மான்செஸ்டர் சிட்டி 23-ஐ எடுத்து வைத்ததையும் சொன்னேன். பையன்கள் வாய் பேசாமல் கேட்டார்கள். ஒருத்தன் அழுதான். அவன் அம்மா துவைத்து மடித்துக் கொடுத்த பனியன் இப்போது கழக அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸ் கதையை அந்தக் கூட்டத்தில் பாதிதான் சொன்னேன். 2014 நவம்பர் 25-ம் தேதி சிட்னியில் பவுன்சர் ஒன்று ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் பட்டு விழுந்தார். இரண்டு நாளில் போய்விட்டார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் இருபத்தாறு வயது. காயத்தால் வெளியேறினார் என்று இருந்த கணக்கைத் திருத்தி, 63 நாட் அவுட் என்று எழுதினார்கள். அடுத்து அடிலெய்டில் நடந்த டெஸ்டில் அவரைப் பதின்மூன்றாவது ஆளாக அணியில் சேர்த்தார்கள். உலகம் முழுக்க ஜனங்கள் வீட்டு வாசலில் மட்டையைச் சாய்த்து வைத்தார்கள். இதுவரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் நடந்தது எனக்கு அப்போது நினைவிலேயே வரவில்லை. தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்று சர்வதேச ஆட்டங்களில் விதி வந்தது 2019-ல். வேகப்பந்தை ஆடும்போது ஹெல்மெட்டில் கழுத்துக் காப்பு கட்டாயம் என்று ஆஸ்திரேலிய வாரியம் சொன்னது 2023-ல். ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. மட்டையை வாசலில் வைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. காப்பு கழுத்தை உறுத்துகிறது என்று பெரிய ஆட்டக்காரர்களே போட மறுத்தார்கள். எனக்குக் கூட்டம் வராது என்பது மாதிரி அவர்களுக்கு அது.

அந்த 63 நாட் அவுட் வெறும் எழுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்றவர்களுக்கு அது எவ்வளவோ. இங்கேயும் அப்படித்தான். அவன் அம்மா போட்டியே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டீஸை வாங்கி அவன் பெயர் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். குத்துவிளக்கு ஏற்ற வந்தபோது மைக்கில் அவன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து நின்றார். பெயரும் வேண்டும், பொழுதோட முடிக்கவும் வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். நாங்கள் எங்களுக்குச் சுலபமானதை மட்டும் செய்தோம்.

போட்டி நடந்த ராத்திரி நான் இரண்டாவது ஆடுகளத்தில் அம்பயர். விளக்கேற்றிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு மேல் டீ குடிக்கப் பள்ளிக்கூட வாசல் பக்கம் போனால், கேட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தோற்று வெளியே வருகிற ஒவ்வொரு டீமையும் நிறுத்துகிறார். "எந்த ஊரு தம்பி? எதுல வந்தீக?" வேன் என்றால், டிரைவர் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு விடுகிறார். பைக் என்றால் கையை நீட்டுகிறார். "சாவியக் குடுங்கப்பா. விடிஞ்சதும் வாங்கிக்கங்க." வாங்கிய சாவிகளை முந்தானையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். வராண்டாவில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அதை எங்கள் கமிட்டி யாரும் விரிக்கவில்லை, அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். ஏழெட்டுப் பையன்கள் தொடையில் மண் ஒட்டினபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு டீமில் ஒருத்தன் மட்டும் முறைத்தான். "காலைல டூட்டி இருக்கும்மா, விடுங்க" என்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான்.

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிட்டே போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் என் ஆடுகளத்தில் அடுத்த ஆட்டத்துக்கு மைக்கில் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். போய் அந்த ஆட்டத்துக்கும் விசில் ஊதினேன். அதில் தோற்ற அணியும் பைக்கில்தான் வந்திருந்தது.

விடிந்து இறுதி ஆட்டம் முடிந்து பரிசு கொடுக்கும்போது, அவர் கேட்டில் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொரு சாவியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பூப்பறிக்கப் போகவில்லை. ஒரு நாள் கூலி போச்சு. பையன்களுக்குக் கூலி போகுமே என்று கவலைப்பட்ட எனக்கு இது மறுநாள்தான் உறைத்தது.

ஒருவேளை இப்படி நடந்ததும் நல்லதுதானோ என்றும் நினைத்துப் பார்த்தேன். பகலில் வைத்திருந்தால் பத்து அணி வந்திருக்கும். ராத்திரி நாற்பது அணிப் பையன்களும் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஊர் ஆட்டத்தில் மூன்று மணிக்குச் சாவியை எடுக்கும்போது நினைப்பு வராமலா போகும்? வரலாம். வராமலும் போகலாம். போன மாதம் வேறொரு ஊர்ப் போட்டியில் எங்கள் கழகப் பையன்களே நாலு மணிக்கு பைக்கை எடுத்தார்கள். நான் தடுத்தேன். இரண்டு பேர் நின்றார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள்.

இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் நான் பதினாறு அணி, சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பம் என்று சொன்னேன். உபயதாரர் ஒருத்தர் கழன்றுகொள்வார் என்றார்கள். அப்புறம் செயலாளர், "அம்மாதான் கேட்ல உக்காந்துக்கிறாகளே சார், போன வருசம் மாதிரி பாத்துக்கிருவாக" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கு அடிவயிறு பிசைந்தது. ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதுவும் சரிதான் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

அவரிடம் இன்னும் போகவில்லை. இந்தத் தடவை என்ன சொல்லிக்கொண்டு அந்தத் திண்ணையில் உட்காருவது என்று தெரியவில்லை. அச்சகத்திலிருந்து நோட்டீஸின் மாதிரிப் படி வாட்ஸ்ஆப்பில் வந்திருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி". அதே ரெய்டுப் படம். கோடுபோட்ட சட்டைப் படத்தை அனுப்பி, மாற்றச் சொல்லியிருக்கிறேன். நேரம் என்ற இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.