நீதானே போட்ட?

அவள் என்னிடம் வந்து சொன்னது நாலு வரி இருக்கும். நான் பதிலுக்குச் சொன்னது ஒரே வரி. "ஏம்மா, நீதானே போட்ட?" பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது அந்த வரி என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

2010 ஜனவரி. ஃபேஸ்புக்கில் பெண்களின் பக்கங்களில் ஒற்றைச் சொல்லாக ஒரு நிறம் மட்டும் வந்துகொண்டிருந்த வாரம். கறுப்பு, வெள்ளை, சிவப்பு. பெண்களுக்குள் மட்டும் சுற்றிய செய்தி எனக்கும் வந்தது: இன்று போட்டிருக்கும் பிராவின் நிறத்தை ஸ்டேட்டஸில் போடு, வேறு எதுவும் எழுதாதே, ஆண்களுக்குச் சொல்லாதே, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக. நான் போடவில்லை. என் டீமில் டெஸ்டிங் பார்த்த பெண் 'வெள்ளை' என்று போட்டாள். இரண்டே நாளில் பத்திரிகைகளில் வந்து விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை பேன்ட்ரியில் காபி மெஷின் முன்னால் நாலு பேர் நிற்கும்போது, ஒரு பையன் அவளைப் பார்த்து, "இன்னிக்கும் வெள்ளைதானா?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

மீட்டிங் ரூம் கதவைச் சாத்திவிட்டு இதைச் சொல்லும்போது அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. நான் அந்த ஒரு வரியைச் சொன்னதும் மூடி அப்படியே நின்றது. "சரிக்கா, விடுங்க" என்று எழுந்து போனாள்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. அன்றைக்கே அந்தப் பையனைக் கூப்பிட்டேன். இனி இப்படிப் பேசினால் நடப்பதே வேறு என்றேன். அவன் முகம் சிறுத்துப்போய்ச் சொன்னான்: "சாரிக்கா. ஆனா அவங்களேதானே போட்டாங்க?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. அரை மணி நேரம் முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்ன அதே வார்த்தை. அதைத் தப்பென்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அப்போது வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வந்திருக்கவில்லை. ஆனால் 1997-லேயே விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் கொடுத்திருந்தது. பாலியல் சாயலோடு பேசும் பேச்சும் அதில் துன்புறுத்தல்தான். எங்கள் அலுவலகத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் கமிட்டியும் இருந்தது, லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸும் இருந்தது. நான் அவளைக் கமிட்டிக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த ஸ்டேட்டஸை அச்செடுத்து மேசையில் வைப்பார்கள், அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும், அப்ரைசல் நேரம் வேறு என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் நம்பினேன். இன்றைக்கும் கொஞ்சம் நம்புகிறேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

உண்மையில் எனக்குக் கோபம் இருந்தது. அந்தப் பையன் மேல் வந்ததைவிட அந்த விளையாட்டின் மேல்தான் அதிகம். என் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி வந்தபோது டாக்டரிடம் போய், "நெஞ்சு கனமா இருக்கு" என்றுதான் சொன்னாள். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மார்பு என்ற சொல் அம்மாவின் வாயில் வர ஏழு மாதம் ஆனது, அதுவும் என்னிடம், சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு, கெட்டியாக, அழுத்தினால் வலியே இல்லாமல். வலிக்காததால்தான் சும்மா இருந்தேன் என்றாள். 2008 ஆடியில் அம்மா போய்விட்டாள்.

அதனால் நிறத்தைப் போட்டுவிட்டு ரகசியம் காக்கச் சொன்ன செய்தியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் கட்டி என்ற வார்த்தை இல்லை, எங்கே தொட்டுப் பார்ப்பது என்று இல்லை, யாரிடம் போவது என்று இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒரு மனுஷி செத்துப்போயிருக்கிறாள், இதிலும் சொல்லாமல் இருப்பதையே விளையாட்டாக்கினால் எப்படி? அதே வருஷம் அக்டோபரில் கைப்பையை வீட்டில் எங்கே வைக்கப் பிடிக்கும் என்பதை இரட்டை அர்த்தத்தில் போடும் அடுத்த சுற்று வந்தது. 2024 அக்டோபரில் டெல்லி மெட்ரோவில், மார்பு என்று சொல்லாமல் 'ஆரஞ்சுகளைப் பரிசோதியுங்கள்' என்று யுவராஜ் சிங்கின் அறக்கட்டளை விளம்பரம் வைத்து, எதிர்ப்பு வந்ததும் எடுக்கப்பட்டது. அவரே புற்றுநோயிலிருந்து மீண்டவர். நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபோது அதே எரிச்சல்தான் வந்தது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் குடிசைப் பகுதிகளுக்கே போய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்து, நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. படித்தபோது அம்மாவை நினைத்து அழுதேன். ஒரு பெண் வாசலுக்கு வந்து நேராகக் கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பாள்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கோபத்தை நான் யார் மேல் இறக்கினேன்? என்னை நம்பிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசிய பெண்ணின் மேல். அவள் போட்டது ஒரு விஷயம், அவன் கேட்டது வேறு விஷயம். ஒரு நிறத்தை எழுதியதால் பேன்ட்ரியில் நாலு பேர் நடுவில் அவள் உடம்பைப் பற்றிப் பேச அவனுக்கு அனுமதி கிடைத்துவிடாது. இதை எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது. அன்றைக்கு ஏன் வரவில்லை? எனக்கு அப்போது 38 வயது, பச்சைக் குழந்தை இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், என் வாதத்துக்கு அது இடிக்கிறது என்றாலும். அதே வாரம் ஓய்வறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பில்லிங் பிரிவில் இருந்த ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் நிறம் போட்டவள்தான். "அக்கா, கட்டின்னா எப்படி இருக்கும்? கையில தெரியுமா?" அந்த அலுவலகத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். இதை வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆள் அவள். நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் இல்லாமல் விரலின் சதைப் பகுதியால், சின்ன வட்டமாக அழுத்திப் பார்க்கவேண்டும், மாதவிடாய் முடிந்த சில நாளில், அக்குளையும் சேர்த்து என்று அவளுடைய முழங்கையிலேயே அழுத்திக் காட்டினேன். வித்தியாசமாக எது பட்டாலும் உடனே டாக்டரிடம் போ, வலிக்கும்வரை காத்திருக்காதே என்றேன். அந்த விளையாட்டு இல்லையென்றால் அவள் கேட்டிருப்பாளா? மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து அந்த டெஸ்டிங் பெண் உள்ளே வந்தாள். என் விரல்கள் மற்றவளின் கையில் இருந்தன. ஒரு நொடி பார்த்தாள். "நீயும் வாம்மா" என்று கூப்பிட வாய் வரை வந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, துடைக்காமலே வெளியே போய்விட்டாள்.