நிலக்கரிக்குள் கார்பன் டை ஆக்சைடு: இடம் இருக்கு, வழிதான் அடைக்குது

ராணிப்பேட்டை பெல் ஆலையில் தயாராகும் ஈ.எஸ்.பி.க்கள் (மின்புலத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவிகள்) அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அதற்குச் சிக்காது, நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். அதைத் தனியே பிரித்து, வெட்டியெடுத்தால் கட்டுப்படியாகாத ஆழத்தில் கிடக்கும் நிலக்கரிக்குள் செலுத்தலாம் என்பது பழைய யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அருமையாக இருக்கும். கிணற்றில் இறங்கினால்தான் சங்கதி தெரியும்.

நிலக்கரியில் வாயு காலி இடத்தை நிரப்பி நிற்பதில்லை. நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த பரப்புக் கவர்ச்சிதான். ஏற்கெனவே அங்கே மீத்தேன் ஒட்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடுக்குப் பிடிப்பு அதிகம் என்பதால் மீத்தேனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிட்டுமினஸ் எனும் கறுப்பு நிலக்கரியில் ஒரு மூலக்கூறு மீத்தேன் போனால் சுமார் இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு உட்காரும். பழுப்பு நிலக்கரியில் இந்த விகிதம் இன்னும் கூடும்.

ஆழம் 800 மீட்டருக்கு மேல் என்பார்கள். காரணம், 31 டிகிரி செல்சியஸையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு திரவம் போல் அடர்த்தியாகி, குறைந்த இடத்தில் அடங்கும். (சித்திரை வெயிலில் நம்மூர் சோடாக் கடை சிலிண்டர் 31 டிகிரிக்கு மேல் சூடேறினால் உள்ளே தனியாகத் திரவம் என்று ஒன்று இருக்காது. அதற்குக் கீழே திரவம் இருக்கும்வரை, எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பிரஷர் கேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் காட்டும். எடை போட்டு வாங்கச் சொல்வது அதனால்தான்.) ரொம்ப ஆழத்துக்கும் போக முடியாது. மேலே உள்ள பாறையின் பாரம் நிலக்கரியின் விரிசல்களை நெருக்கி மூடிவிடும்.

அந்த விரிசல்களுக்குக் கிளீட் என்று பெயர். வாயு நகர்வதற்கு வேறு பாதை கிடையாது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிய நிலக்கரி வீங்கும். சுற்றிலும் பாறை இறுக்கிப் பிடித்திருப்பதால் வீக்கம் கிளீட் பக்கம்தான் திரும்பும். பாய்ச்சல் விரிசல் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், அகலம் பாதியானால் பாய்ச்சல் எட்டில் ஒன்றாகிவிடும். வீக்கம் முதலில் தொடங்குவதும் வாயுவைச் செலுத்தும் கிணற்றை ஒட்டித்தான். வாயு முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்!

போலந்தின் கானியூவில் 2004–05-ல் இதுதான் நடந்தது. செலுத்தும் வேகம் தேறாமல், கடைசியில் நீரழுத்தத்தால் நிலக்கரிப் படுகையைப் பிளந்த பிறகே தொடர்ந்து செலுத்த முடிந்தது. மொத்தம் போனது சுமார் 760 டன். 500 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் விடும் அளவு அது. ஜப்பானின் யூபாரியில் நடுவில் நைட்ரஜன் செலுத்திப் பார்த்தார்கள். நைட்ரஜனுக்குப் பிடிப்புக் குறைவு, அதனால் நிலக்கரி கொஞ்சம் சுருங்கி வழி திறந்தது. ஆனால் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில் 1995 முதல் 2001 வரை 3 லட்சம் டன்னுக்கு மேல் செலுத்தினார்கள். அங்கே கிளீட் இயல்பிலேயே நன்றாகத் திறந்திருந்தது. அப்படியும் வேகம் குறையத்தான் செய்தது.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் நிலக்கரியின் மாதிரித் துண்டை வெளியே எடுத்த கையோடு காற்றுப் புகாத கலனில் அடைத்து, எவ்வளவு மீத்தேன் வெளியேறுகிறது என்று அளக்க வேண்டும். பிறகு நிலக்கரிப் படுகையின் வெப்பநிலையிலேயே இரண்டு வாயுக்களுக்கும் பரப்புக் கவர்ச்சி வளைவு (எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஒட்டுகிறது என்ற வரைபடம்) எடுக்க வேண்டும். நிலக்கரியை ஈரத்தோடு சோதிக்காமல் உலர்த்திச் சோதித்தால் கொள்ளளவு மிகையாகவே வரும்.

அடுத்து, தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து மீத்தேனை எடுத்த பிறகே செலுத்தத் தொடங்குவார்கள். வாயுவை நன்கு உலர்த்தியாக வேண்டும். ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலமாகிச் சாதா இரும்புக் குழாயை அரித்துவிடும். கிணற்றின் அடி அழுத்தம் பாறை பிளக்கும் அழுத்தத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. அழுத்தம் ஏறி வேகம் இறங்கினால் வீக்கம் என்று பொருள். அழுத்தம் திடீரென விழுந்து வேகம் எகிறினால் பாறை பிளந்திருக்கலாம், அல்லது குழாய் ஓட்டையாகியிருக்கலாம். உள்குழாய்க்கும் கேசிங் என்ற வெளிக்குழாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறினால், முதலில் அந்த இடைவெளியை அடைக்கும் பேக்கரைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளியே வரும் மீத்தேனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை எரித்தால் ஒரு மூலக்கூறுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு. இரண்டைப் புதைத்து ஒன்றை விட்டால் லாபம் பாதிதான். எரிக்காமல் கசியவிட்டால் அதுவும் போச்சு. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடக் கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேற்றும்.

ராணிப்பேட்டையை அடுத்த வேலூருக்கு அடியில் இது நடக்குமா என்றால், நடக்காது. இங்கே போர் போடுபவர்களுக்கே தெரியும்: மேல் மண்ணுக்கு மட்டும் கேசிங், அதற்குக் கீழே ஆயிரம் அடி போனாலும் கருங்கல்லும் அங்கங்கே ஊற்று வரும் விரிசலும்தான். நிலக்கரி கிடையாது, வாயுவை மூடி வைக்கும் படிவப் பாறையும் கிடையாது. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி ஆழம் குறைந்தது, திறந்தவெளிச் சுரங்கமாக வெட்டுகிறார்கள். அதன் அடியிலோ அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். நாட்டில் இதற்குப் பொருந்தக்கூடிய ஆழமான நிலக்கரி என்றால் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச், ஜார்க்கண்டின் ஜாரியா போன்ற இடங்களைப் பார்க்கலாம். இங்கிருந்து அங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட வேண்டியிருக்கும்.