போக்கர் கேஷ் கேமில் பெரிய ஜோடிகள்: பாட்டைப் பார்த்து ஆடத் தொடங்கிய பிறகு

ஏஸ், கிங், குயீன், ஜாக் என்ற நான்கு ஜோடிகள் கைக்கு வரும்போது மட்டும் தனியாகக் குறிப்பெடுத்து வருகிறேன். ஹோல்டம் போக்கரில் (கைக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து) குறிப்பிட்ட ஒரு ஜோடி 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். நான்கையும் சேர்த்தாலும் ஏறக்குறைய 55 கைகளுக்கு ஒன்று, அதனால் நோட்டு மெதுவாகத்தான் நிரம்புகிறது. இருந்தாலும் ஒன்று பிடிபட்டுவிட்டது. பிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழும்போது பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) எவ்வளவு இருக்கிறது, என் முன்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒற்றை ஜோடியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது முடிவாகிறது.

100 பிக் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகக் கட்டும் தொகை, இங்கே கணக்கின் அலகு) ஸ்டாக்கை (முன்னால் இருக்கும் மொத்தப் பணம்) எடுத்துக்கொள்வோம். 3 பிளைண்டுக்கு ரேஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி), பட்டனில் (கடைசியாக ஆடும் இடம்) இருப்பவர் மட்டும் கால் செய்தால் (அதே தொகையைக் கட்டினால்) பிளைண்டுகளின் 1.5-ஐயும் சேர்த்து பாட் 7.5, கையில் 97. ஸ்டாக் பாட்டைப் போல 13 மடங்கு. மூன்று சுற்றிலும் முழுப் பாட் அளவுக்குப் பந்தயம் கட்டினால்தான் எல்லாம் உள்ளே போகும். அவ்வளவையும் கால் செய்கிறவரிடம் பெரும்பாலும் என் ஜோடியை வெல்லும் கைதான் இருக்கும். அதுவே, அவர் 3 என்று திறந்து நான் பட்டனிலிருந்து 9-க்கு உயர்த்தி அவர் கால் செய்தால் பாட் 19.5, மிச்சம் 91. விகிதம் ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. பிளாப்பிலும் டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு கட்டினால், ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) மீதமிருப்பது பாட்டில் பாதிகூட இல்லை. அங்கே ஏஸ் ஜோடியோடு தயங்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு.

சின்ன ஜோடியோடு செட்டுக்கு (ஜோடியோடு அதே சீட்டு மூன்றாவதும் சேர்வது) காத்திருப்பவர்களையும் இது கட்டுப்படுத்துகிறது. அவர்களுக்கு பிளாப்பில் செட் விழுவது எட்டரைக்கு ஒரு முறை. 3 கொடுத்து 97-க்குக் குறி வைப்பது அவர்களுக்கு லாபமான பேரம். இன்னும் 6 கொடுத்து 91-க்குக் குறி வைப்பது அவ்வளவு இனிக்காது. ஆகவே ஏஸ் ஜோடியை ஒளித்துவைத்து வெறும் கால் செய்வதை அநேகமாக விட்டுவிட்டேன். ஒரே எதிராளியிடம், அவர் கை எதுவானாலும், ஏஸ் ஜோடி சுமார் 85 சதவீதம் ஜெயிக்கும். எதிராளிகள் நான்கு பேர் கடைசிவரை வந்தால் அது 56 பக்கம் இறங்கிவிடும். முன்னால் லிம்ப் செய்தவர்கள் (உயர்த்தாமல் ஒரு பிளைண்ட் மட்டும் கட்டி வந்தவர்கள்) இருந்தால் தலைக்கு ஒரு பிளைண்ட் கூட்டி உயர்த்துகிறேன்.

கிங் ஜோடியில் எனக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது ஒரு கணக்கு. பிளாப்பில் ஏஸ் விழுவது 23 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஏஸ்-7-2 போல வறண்ட பிளாப்பில் ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் செக் செய்து (பந்தயம் கட்டாமல்) ஒரு சுற்றை விடுகிறேன். பாட் சிறிதாகவே நிற்கும், ரிவரில் நடுத்தர ஜோடிகள் நம்பிக் கால் செய்யும். 9-8-7 என்று ஒரே சூட்டில் விழுந்தால் கதையே வேறு. அங்கே என் கையில் அந்தச் சூட்டின் கிங் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

டர்னில் வரும் ரேஸுக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறேன். அதுவரை கால் மட்டும் செய்துகொண்டிருந்த அமைதியான ஆட்டக்காரர் திடீரென்று பெரிதாக உயர்த்தினால், விகிதம் 13-ல் தொடங்கிய பாட் என்றால் ஏஸ் ஜோடியையும் போல்ட் செய்கிறேன் (கையை விட்டுவிடுகிறேன்). நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் சீட்டைக் காட்டிய கைகளில் இரண்டு ஜோடியும் செட்டும்தான் மிகுதியாக இருந்தன. 3-பெட் (ஒருவர் ரேஸ் செய்தபின் இன்னொருவர் மறுபடி உயர்த்துவது) செய்த பாட்டில் அதே ரேஸ் வந்தால் போல்ட் பற்றி யோசிப்பதில்லை.

குயீனும் ஜாக்கும் இன்னும் பிடிபடவில்லை. குயீனுக்கு மேலான சீட்டு பிளாப்பில் விழுவது 41 சதவீதம், ஜாக்குக்கு 57. முதல் இடத்திலிருந்து ஜாக் ஜோடியோடு ரேஸ் செய்து, எதிரே 3-பெட் வந்தால் இப்போதைக்கு கால் மட்டும் செய்து பார்க்கிறேன். பிளாப்பில் மூன்று சீட்டும் சிறியதாக இருந்தால் ஒரு பந்தயத்துக்குக் கூடவே போகிறேன். அடுத்து, அதே இடத்தில் குயீன் ஜோடியோடு 4-பெட் (3-பெட்டுக்கு மேலும் உயர்த்துவது) செய்து குறித்துவைக்கப் போகிறேன்.