கயிற்றுக்கு இந்தப் பக்கம்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு ஒரு ரவுண்டு 3 நிமிடம், நடுவே 1 நிமிட இடைவேளை. பட்டத்துக்கான சண்டை 12 ரவுண்டு என்றால் இடைவேளை 11. வீரனைக் கவனித்துக்கொள்ள அவன் மூலையில் நிற்பவர்களுக்கு மொத்த இரவிலும் கிடைக்கும் நேரம் அந்தப் பதினோரு நிமிடம்தான். அதிலும் மணி அடித்தபின் பையன் நடந்து வந்து உட்காருவதற்குள் ஏழெட்டு வினாடி போய்விடும். கடைசிப் பத்து வினாடிக்கு விசில் ஊதிவிட்டால் இறங்கிவிட வேண்டும். மிஞ்சுவது நாற்பது வினாடி. அதற்குள் அவன் மூச்சு வாங்க வேண்டும், வாய் நனைக்க வேண்டும், ரத்தம் நிற்க வேண்டும், ஒரு சொல்லாவது காதில் ஏற வேண்டும்.

பார்ப்பவர்களின் கண் குத்துகளின் மேல் இருக்கும். ஆனால் ஒரு வீரன் பத்து வருடம் ஆடுவானா, மூன்றே வருடத்தில் கையும் கண்ணும் கெட்டு வீட்டில் உட்காருவானா என்பதில் பெரும்பங்கு கயிற்றுக்கு இந்தப் பக்கம் தீர்மானமாகிறது.

மூலையில் பொதுவாக மூன்று நான்கு பேர். தலைமை செகண்ட் என்பவர் பயிற்சியாளர். வடசென்னைக் களங்களில் ‘வாத்தியார்’ என்பார்களே, அவர். காயம் பார்க்கும் கட்மேன் ஒருவர். வாளி, ஸ்டூல், ஐஸ் பார்க்க ஒருவர். பல இடங்களில் ரிங்குக்குள் ஏற ஒருவருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் மேடை விளிம்பில் நின்று கயிற்றினூடே கை நீட்டித்தான் வேலை செய்ய வேண்டும். யார் எந்தப் பக்கம் ஏறுவது, யார் கையில் எது என்பதை டிரெஸ்ஸிங் ரூமிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பேசாமல் போன மூலையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள், பையன் வாயில் கம்ஷீல்டோடு, அதாவது பல் காப்போடு, மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான்.

முதலில் கம்ஷீல்டை எடுத்து ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். அடுத்து நிக்கரின் இடுப்புப் பட்டையையும் உள்ளே இடுப்புக்குக் கீழே காப்பாக இருக்கும் கப்பின் பட்டையையும் சேர்த்து முன்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தவுடன் அந்தப் பட்டை வயிற்றை அழுத்தும். இழுத்துப் பிடித்தால் அடிவயிறு வரை மூச்சு இறங்கும். முதல் வாய்த் தண்ணீர் கொப்பளித்து வாளியில் துப்புவதற்கு. இரண்டாவது ஒரு சின்ன மிடறு, அவ்வளவே. மடமடவென்று குடிக்கவிட்டால் அடுத்த ரவுண்டில் வயிற்றில் ஒரு குத்து விழும்போது அது அத்தனையும் மேலே ஏறும். முதல் பத்துப் பதினைந்து வினாடி யாரும் பேசக் கூடாது. இரைக்கிறவன் காதில் எதுவும் நுழையாது. ‘மூக்கால இழு, வாயால விடு’ என்பது மட்டும் போதும். மூச்சு தணிந்தபின் ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு: ‘ஜாப் போட்டுட்டு அங்கேயே நிக்காத. இடதுபக்கம் நகரு.’ ஐந்து யோசனை சொல்லும் மூலை ஒன்றும் சொல்லாத மூலைக்குச் சமம். இறங்கும்போது கேன்வாஸில் சிந்திய தண்ணீரைத் துண்டால் துடைக்காமல் இறங்கக் கூடாது. ஈரத்தில் வழுக்குவது நம் பையனின் காலாகவும் இருக்கலாம்.

கைக்கட்டு இதற்கெல்லாம் முந்திய வேலை. சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்னால், டிரெஸ்ஸிங் ரூமில், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகின் மேல் பையன் கையை நீட்டி வைக்க, கட்டுபவர் எதிரே உட்காருவார். சண்டையை மேற்பார்வை செய்யும் விளையாட்டு ஆணையத்தின் ஆய்வாளர் பக்கத்தில் நிற்பார். எதிராளி தரப்பிலிருந்தும் ஒருவர் வந்து பார்க்கலாம். சுமார் 2 அங்குல அகல காஸ் துணி, ஒட்டும் டேப், கத்திரிக்கோல். எவ்வளவு நீளம் அனுமதி என்பது ஆணையத்துக்கு ஆணையம் மாறும், ஆகவே அந்த ஊர் விதியைப் படித்துவிட்டுத்தான் பையைப் பிரிக்க வேண்டும்.

விரல்களை நன்றாக விரித்து வைக்கச் சொல்லி, மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரலை ஒரு சுற்று, பிறகு புறங்கை வழியாக விரல் முட்டிகளுக்கு. காஸை அடுக்கடுக்காக மடித்த மெத்தை ஒன்றை முட்டிகளின் மேல் வைத்து, அது நகராதபடி மேலே சுற்றி இறுக்க வேண்டும். டேப் மணிக்கட்டுக்கும், மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து விரல் இடுக்குகளுக்கும். முட்டியின் மேல் டேப் ஏறக் கூடாது, ஏறினால் அது கல் மாதிரி இறுகும். ஒவ்வொரு நிலையிலும் ‘மூடு, திற’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். விரித்த கையில் சரியாக இருக்கும் கட்டு, மூடிய கையில் இறுகிவிடும். அதைச் சோதிக்காமல் விட்டால் மூன்றாவது ரவுண்டில் விரல் மரத்துப்போய், பையன் குத்த வேண்டிய நேரத்தில் கையை உதறிக்கொண்டிருப்பான். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஹூக் போடும்போது மடங்கும். மெத்தை பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் நடுவிரல் முட்டி அடி வாங்கும். அந்த முட்டியின் மேலுள்ள தசைநாணைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பட்டை கிழிந்தால், விரலை மடக்கும்போதெல்லாம் தசைநாண் பக்கத்துக்கு வழுக்கும். அதைத் தைக்க அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் ஓய்வு. சுண்டுவிரல் பக்க எலும்பு உடைவதையே எல்லோரும் பேசுவார்கள். சரியாகக் குத்தத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் இந்த நடுவிரல்தான்.

ஒரு கைக்குக் கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். முடிந்ததும் ஆய்வாளர் கட்டின் மேல் கையெழுத்துப் போடுவார். கிளவுஸ் மாட்டுவதற்கு முன் பையனைக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். மாட்டிய பிறகு அவனால் எதையும் தானாகச் செய்துகொள்ள முடியாது, மூத்திரப்பை நிறைந்தபடி ரிங் ஏறுவது ஆபத்து.

இத்தனை கண்காணிப்புக்கும் காரணம் இருக்கிறது. 1983 ஜூன் 16 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸ் ரெஸ்டோ, தோல்வியே காணாத பில்லி காலின்ஸை 10 ரவுண்டு அடித்து ஜெயித்தார். காலின்ஸின் முகம் வீங்கி, இரண்டு கண்ணும் ஏறக்குறைய மூடியிருந்தன. மகனின் மூலையில் இருந்த தந்தை, முடிந்ததும் மரியாதைக்காக ரெஸ்டோவின் கையைப் பிடித்தார். கிளவுஸுக்குள் பஞ்சே இல்லாததுபோல் விரல் எலும்பு தட்டுப்பட்டது. உடனே அங்கேயே கூச்சல் போட்டார். கிளவுஸ்களைக் கைப்பற்றிப் பார்த்தபோது உள்ளிருந்த பஞ்சு எடுக்கப்பட்டிருந்தது. ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிஸும் சிறை சென்றார்கள். காலின்ஸின் பார்வை மங்கியது, திரும்ப அவர் ரிங் ஏறவே இல்லை. அடுத்த வருடம் கார் விபத்தில் இறந்தார். எதிராளி மூலையின் கிளவுஸைத் தொட்டுப் பார்ப்பது அவமரியாதை என்று கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தத் தகப்பனை நினைவூட்ட வேண்டும். 2009 ஜனவரி 24, லாஸ் ஏஞ்சலஸில் ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன் அந்தக் கூச்சம் பார்க்கவில்லை. அன்டோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டில் வைத்த மெத்தை சந்தேகமாகப் பட்டது. அதைப் பிரிக்க வைத்தார். பிளாஸ்டர் போன்ற பொருள் படிந்த மெத்தை வெளியே வந்தது. மார்கரிட்டோவின் உரிமம் பறிபோனது. ரிச்சர்ட்சன் பார்க்காமல் விட்டிருந்தால் மோஸ்லியின் முகம் என்னவாகியிருக்கும்?

எடையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுக் காயத்துக்குப் போகலாம். எடை பார்ப்பது முந்தைய நாள். கடைசி மூன்று நான்கு கிலோ கொழுப்பாகக் குறைவதில்லை, தண்ணீராகத்தான் வற்றுகிறது. ஒரே இரவில் குடித்துத் தின்று ஏற்றிய எடை தராசில் காட்டும், உடம்புக்குள் முழுதாகத் திரும்பியிருக்காது. உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப், தன் பட்டச் சண்டைகளுக்குச் சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்த்து, எடைப்பிரிவின் வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று கொண்டுவந்தது நல்ல விதி. மற்ற இடங்களில் மூலைதான் கவனிக்க வேண்டும்: வார்ம்-அப்பில் பத்து நிமிடம் பேட் அடித்தும் வியர்க்காதவன், உதடு காய்ந்திருப்பவன், பாதியிலேயே கால் கனத்துப்போவான். தலையில் வாங்கும் குத்தும் அவனுக்குக் கூடுதல் ஆபத்து.

கட்மேனின் பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வாசலின், சுத்தமான துண்டுகள், பஞ்சு சுற்றிய குச்சிகள், 1:1000 அட்ரினலின் கரைசல், ரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின், அவிட்டீன் என்ற கொலாஜன் பொடி, ஐஸில் கிடக்கும் சின்ன இஸ்திரிப் பெட்டி போன்ற இரும்புத் துண்டு. கடைசியில் சொன்னதை என்ஸ்வெல் என்பார்கள். அட்ரினலின் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுவிடும். இளஞ்சிவப்போ பழுப்போ தட்டியிருந்தால் கொட்டிவிட வேண்டும். அந்தக் காலத்தில் இரும்பு உப்புக் கரைசல்களை வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். அது சதையைச் சுட்டுவிடும், வழிந்து கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். இன்று அதற்கு இடமில்லை.

புருவத்தில் பிளந்துவிட்டது என்று வையுங்கள். பையன் உட்காரும் முன்பே பஞ்சுக் குச்சி அட்ரினலினில் நனைந்து தயாராக இருக்க வேண்டும். துண்டால் ஒரே இழுப்பில் ரத்தத்தைத் துடைத்தால் ஒரு கணம் காயம் சுத்தமாகத் தெரியும். அந்தக் கணத்தில் ரத்தம் எந்தப் புள்ளியிலிருந்து ஊறுகிறது என்று பிடித்துவிட வேண்டும். பிளவின் நீளம் முழுக்கப் பூசுவது பயன் தராது. அடியில் உள்ள அந்தப் புள்ளியில் குச்சியை வைத்து, எலும்போடு சேர்த்து, அசைக்காமல் அழுத்த வேண்டும். முப்பது வினாடி. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கிற ஆசைதான் புதியவர்களைக் கெடுப்பது. அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான், அடைப்பது அழுத்தம். விசில் ஊதியபின் குச்சியை எடுத்துக் காயத்துக்குள் அவிட்டீனோ வாசலினோ நிரப்பி இறங்கிவிட வேண்டும். வாசலினை முகமெல்லாம் அப்பினால் ரெஃபரி துடைத்துவிடுவார், அதோடு காயத்தின் மேலிருப்பதும் போகும்.

2019 செப்டம்பர் 14, லாஸ் வேகஸில் ஓட்டோ வாலினோடு மோதியபோது டைசன் ஃபியூரிக்கு மூன்றாவது ரவுண்டில் வலது புருவத்துக்கு மேல் ஆழமாகப் பிளந்தது. ஹோர்ஹே கபெட்டியோ என்ற கட்மேன் ஒவ்வொரு இடைவேளையிலும் அதை அடைத்து அனுப்பி, 12 ரவுண்டும் முடிந்து ஃபியூரி ஜெயித்தார். பிறகு 47 தையல். 2003 ஜூன் 21 அன்று விட்டாலி கிளிட்ச்கோவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக மூன்று நடுவர்களின் அட்டையிலும் முன்னால் இருந்தார். ஆறாவது ரவுண்டு முடிந்ததும் மருத்துவர் நிறுத்திவிட்டார். இமையைத் தூக்கி மேலே பார்க்க முடியவில்லை. காயம் குத்தினால் வந்தது, அதனால் தோல்வி அவர் கணக்கில் எழுதப்பட்டது. தலை தெரியாமல் மோதி வந்த காயமாக இருந்தால், நாலு ரவுண்டு முடிந்திருக்கும் பட்சத்தில், புள்ளிகளை எண்ணியிருப்பார்கள். ஆகவே காயம் பட்ட கணத்தில் ரெஃபரி எதனால் என்று அறிவிக்கிறார் என்பதை மூலையில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவைப்பது அவசியம்.

வீக்கத்துக்கு வேறு முறை. குளிர்ந்த இரும்பை வைத்து நிதானமாக அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உள்ளே இன்னும் குழாய்கள் கிழிந்து வீக்கம் கூடும். மூக்கில் ரத்தம் என்றால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, ரத்தத்தை விழுங்கினால் குமட்டும். முக்கியமாக, மூக்கைச் சிந்தவிடாதீர்கள். மூக்கோ கண்குழி எலும்போ உடைந்திருந்தால், சிந்திய காற்று இமைக்கடியில் புகுந்து, ஒரு நிமிடத்தில் கண் மூடிவிடும்.

இந்த வேலையில் கஷ்டமான பகுதிக்கு மருந்து கிடையாது. போதும் என்று சொல்வதுதான் அது. 1975 அக்டோபர் 1, மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் காலையிலேயே தொடங்கிய சண்டை, கூரையடியில் தாங்க முடியாத வெக்கை. முகமது அலிக்கு எதிராக 14 ரவுண்டு முடித்து ஜோ ஃபிரேசியர் வந்து உட்கார்ந்தார். வலது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. இடது கண்ணில் அவருக்கு முன்பே பார்வைக் குறை இருந்ததைப் பின்னாளில் அவரே சொன்னார். வரும் குத்து தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் என்பதே இதன் பொருள். மிச்சம் ஒரு ரவுண்டு, 3 நிமிடம். ஃபிரேசியர் போக வேண்டும் என்றார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் தோளில் கைவைத்து உட்கார வைத்து, நிறுத்திவிட்டார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது எடுத்த முடிவு அது. எழுந்து போனவனும் திரும்பி வருவான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மன்சினியோடு 14-ஆவது ரவுண்டுக்கு எழுந்து போனார். அதில் விழுந்தார், சில நாளில் இறந்தார். உலகப் பட்டம் தரும் இன்னொரு அமைப்பான டபிள்யூபிசி 15 ரவுண்டை 12 ஆக்கியது அதற்குப் பிறகுதான்.

பார்க்க வேண்டியது ரத்தம் கூட அல்ல, கால். பின்வாங்கும்போது பாதம் தட்டையாக விழுகிறதா, குத்து வாங்கியபின் பதில் குத்து வர எவ்வளவு நேரமாகிறது, ஸ்டூலுக்கு நேராக நடந்து வருகிறானா, எதிர் மூலைக்குத் திரும்புகிறானா. ‘எத்தனாவது ரவுண்டு?’ என்று கேளுங்கள். தயங்கினால் போதும். சண்டையை நிறுத்தச் சொல்லி ரிங்குக்குள் துண்டை வீசுவதைப் பல ஆணையங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மேடை விளிம்பில் ஏறி ரெஃபரியைக் கூப்பிட வேண்டும், அல்லது ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும்.

2013 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் மகொமெத் அப்துசலாமோவ் 10 ரவுண்டும் நின்று, புள்ளியில் தோற்றார். முகம் வலிக்கிறது என்று இடையிலேயே சொல்லியிருந்தார். கடைசியில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஒரு டாக்சி. மூளையில் ரத்தக் கட்டு. உயிர் பிழைத்தார், ஆனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2017-இல் நியூயார்க் மாநிலம் அந்தக் குடும்பத்துக்கு 2.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அரங்கத்துக்கு வெளியே ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, எந்த மருத்துவமனையில் இரவில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிறார் என்பதை எடை பார்க்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை முடிந்ததும் கத்திரியை உள்ளங்கைப் பக்கமாக நுழைத்துக் கட்டை வெட்ட வேண்டும், புறங்கைப் பக்கம் வீங்கியிருக்கும். ஒவ்வொரு முட்டியாக விரலால் அழுத்திப் பார்த்து முகத்தைக் கவனிக்க வேண்டும்; வலியை வாயால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜெயித்தவனானாலும் அன்றிரவு தனி அறையில் விடக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லையென்றால், எழுப்பும்போது குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் போனை சார்ஜில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொள்வது வழக்கம்.