ஒன்பது வினைச்சொற்கள்

எடு, கொடு, திற, மூடு, தள்ளு, இழு, பார், பேசு, பயன்படுத்து. 1991இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2’ என்னும் கணினி விளையாட்டின் திரைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த இந்த ஒன்பது வினைகளையும் ஒரு சுட்டியையும் நம்பி நான் கண்விழித்த இரவுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பாதிக்கு மேல் எதுவுமே நடக்காத இரவுகள்தாம். ஒரு வினையைச் சொடுக்குவேன், பிறகு ஒரு பொருளைச் சொடுக்குவேன், அது ஆகாது என்று கதாநாயகன் கையை விரிப்பான், நான் அடுத்த வினைக்குப் போவேன். அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது பலரும் ஓவியத்தையும் இசையையும் நகைச்சுவையையும் சொல்லி ஏங்குகிறார்கள். நான் ஏங்குவது, வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு நின்ற அந்த நிலைக்காகத்தான்.

சுட்டி வருவதற்கு முன்பும் மாட்டிக்கொள்ளுதல் உண்டு. ஆனால் அது வேறு வகை. 1984இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ விளையாட்டில் கட்டளைகளை விசைப்பலகையில் தட்டெழுத வேண்டும். திரையில் கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளை எந்தச் சொல்லால் குறிப்பிட்டால் கணினிக்குப் புரியும் என்று ஊகிப்பதிலேயே பொழுது போய்விடும். ரான் கில்பர்ட்டும் கேரி வினிக்கும் 1987இல் உருவாக்கிய ‘மேனியாக் மேன்ஷன்’, பதினைந்து வினைச்சொற்களைத் திரையிலேயே எழுதிக் காட்டி அந்தத் தொல்லையை ஒழித்தது. அதற்காக எழுதப்பட்ட ‘ஸ்கம்’ என்னும் நிரல்மொழிதான் பிறகு அந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெரும்பாலான சாகச விளையாட்டுகளையும் பத்தாண்டுக் காலம் தாங்கியது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் அழுக்கு நுரை என்று பொருள். அவர்களுடைய நகைச்சுவையின் தரம் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

மாட்டிக்கொள்வதிலும் நேர்மையானது, நேர்மையற்றது என்று இரண்டு உண்டு. 1990இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ இதில் பெரும்பாவி. அடுமனையில் வாங்கிய கஸ்டர்ட் பையை (தோளில் மாட்டும் பை அன்று, தின்னும் பை) மலையேறும் வழியில் பசிக்கிறதே என்று தின்றுவிட்டால், பனிமலையில் எதிர்ப்படும் யெட்டி என்னும் பனிமனிதனின் முகத்தில் எறிவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. செய்த தவறு என்னவென்று விளையாட்டு அப்போது சொல்லாது, பிறகும் சொல்லாது. அதற்கு முன்பே விளையாட்டைச் சேமித்து வைத்திருந்தால் திரும்பிப் போகலாம், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட பொறிகளைக் கண்டித்துக் கில்பர்ட் 1989இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அவர் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோருடன் சேர்ந்து கொண்டுவந்த முதல் ‘மங்கி ஐலண்ட்’, அந்தக் கொள்கையைப் பெரும்பாலும் கடைப்பிடித்தது.

ஆனாலும் கில்பர்ட்டை நான் முழுதாக மன்னித்துவிடவில்லை. இரண்டாம் ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் ஓர் அருவியை நிறுத்துவதற்கு ஒரு பம்பைத் திருகியாக வேண்டும். அதற்கான கருவி எங்கும் கிடைக்காது. வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு ஒன்று இருக்கிறது. தாளம் காட்டும் மெட்ரோனோமின் மேல் வாழைப்பழத்தை மாட்டினால், ஆடும் பழத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் குரங்கு மயங்கி விறைத்துவிடும். அதைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பம்பின் மேல் பொருத்தித் திருக வேண்டும். காரணம், அமெரிக்கர்கள் ஒரு வகை ஸ்பேனரை ‘மங்கி ரெஞ்ச்’, அதாவது குரங்கு ரெஞ்ச், என்கிறார்கள். அந்தச் சொல்லை அறியாத என்னைப் போன்றவர்களுக்கு இதில் புதிரும் இல்லை, சிலேடையும் இல்லை. எல்லாப் பொருளையும் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்து, தற்செயலாக அருவி நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெகுகாலம் கழித்து ஒரு கருவிப் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டபோதுதான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நேர்மையான புதிர் எப்படி இருக்கும் என்பதற்கு 1993இல் வந்த ‘டே ஆஃப் த டென்டக்கிள்’ போதும். ஒரே மாளிகை, நண்பர்கள் மூவருள் ஒருவன் இருநூறு ஆண்டுகள் முன்னே, ஒருவன் நிகழ்காலத்தில், ஒருத்தி இருநூறு ஆண்டுகள் பின்னே. எதிர்காலத்தில் மின்சாரம் உண்டாக்குவதற்கு ஒரு வெள்ளெலி வேண்டும். அதை இன்றே ஐஸ் எந்திரத்துக்குள் உறைய வைத்தால் அன்று எடுத்துக்கொள்ளலாம் என்பது வரை எளிதாகவே வந்துவிட்டேன். ஆனால் உருகி எழுந்த எலி குளிரில் நடுங்கிக்கொண்டு ஓட மறுத்தது. அதே நேரத்தில் கையில் ஒரு பெரிய ஸ்வெட்டர் இருந்தது, கீழே ஒரு துணி உலர்த்தும் எந்திரம் இருந்தது. நான்கு நாள் நகரவே இல்லை. ஐந்தாம் நாள், கணினிக்கு வெகு தொலைவில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சுருங்கிப்போன கம்பளிச் சட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. எந்திரத்தில் நிறைய காசு போட்டு இருநூறு ஆண்டுகள் ஓடவிட்டால்? மீதித் துணி மடிபடாமல் அப்படியே கிடந்தது.

அந்த நான்கு நாளும் விளையாட்டு என் தலைக்குள் நடந்துகொண்டே இருந்தது என்பதை அப்போது நான் உணரவில்லை. சுடுவதும் ஓடுவதுமான விளையாட்டுகள் கணினியை அணைத்தால் நின்றுவிடும். இவை அணைத்த பிறகுதான் தொடங்கும். அதே 1993இல் வந்த ‘மிஸ்ட்’, வினைச்சொல்லும் இல்லாமல் பேச்சும் அதிகம் இல்லாமல், வெறும் சுட்டியால் ஒரு தனித்தீவைச் சுற்றிவரச் செய்து பல லட்சம் பிரதிகள் விற்றது. அதன் அழகை மதிக்கிறேன், ஆனால் நேசிக்க முடியவில்லை. தவறாகச் சொடுக்கினால் திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. 1998இல் ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ சுட்டியையே கைவிட்டபோது இந்த மரபின் பெரிய காலம் முடிந்துவிட்டது.

2001இல் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்னும் இலவச மென்பொருளின் புண்ணியத்தில் அந்தப் பழைய கோப்புகள் இன்றைய கணினிகளிலும் ஓடுகின்றன. பழைய கணினியைப் போல நடிப்பதற்குப் பதிலாக, விளையாட்டின் கட்டளைகளைப் படித்து நடத்தும் பகுதியை மட்டும் அதை ஆக்கியவர்கள் புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே விளையாட்டுகள் கிடைக்கின்றன, மாட்டிக்கொள்வதுதான் கிடைக்கவில்லை. நான் முன்பு முடிக்காமல் விட்ட ஒன்றை அண்மையில் எடுத்தேன். இருபதாவது நிமிடத்தில் கை தானாகவே உலாவியைத் திறந்து விடையைத் தேடிவிட்டது. விடையைப் படித்ததும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றியது. நான்கு நாள் சுமந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது.

மனம் கசந்து முதல் ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டையே மீண்டும் திறந்தேன். அதன் கதாநாயகன் கைபிரஷ் திரீப்வுட் பத்து நிமிடம் மூச்சை அடக்கக்கூடியவன் என்று பெருமையடித்துக்கொள்வான். ஓரிடத்தில் அவனைக் கனத்த சிலை ஒன்றோடு கட்டிக் கடலுக்குள் தள்ளிவிடுவார்கள். கயிற்றை அறுக்கக் கத்தியும் வாளுமாகச் சுற்றிலும் கிடக்கும், எதுவும் எட்டாது. மெய்யாகவே பத்து நிமிடம் சும்மா இருந்தால் அவன் செத்து மிதப்பான். கீழேயுள்ள வினைச்சொற்கள் ‘மித’, ‘வீங்கு’, ‘அழுகு’ என்கிற மாதிரி மாறிவிடும், கடைசியில் குறிப்புப் புத்தகம் வாங்கச் சொல்லும் ஒன்றும் இருக்கும். விடையோ மிக எளிது: ‘எடு’ என்று சொடுக்கி, அந்தச் சிலையையே எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம். இது எனக்கு எத்தனையோ ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும், எட்டாத கத்திகளின் மேல் ஒவ்வொன்றாகச் சுட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது.