62 டிகிரியா, 42 டிகிரியா? ப்ராசசர் சூட்டைச் சரிபார்த்த கதை

ஏஎம்டி ரைசன் 7 1700எக்ஸ் ப்ராசசர் போட்ட வீட்டுக் கணினி. எந்த வேலையும் ஓடாத நேரத்திலேயே ஒரு மென்பொருள் 62 டிகிரி என்றது, இன்னொன்று 42 என்றது. மூன்றாவதாக ஒரு வரி 127-ஐ விட்டு அசையவில்லை. ஃபேன் வேறு சும்மா இருக்கும்போதே இரைந்தது.

இப்படி ஆனதும் பலர் உடனே ஹீட்சிங்க்கை (ப்ராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) கழற்றி, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றப் போவார்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். இந்த ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பேஸ்ட் இறுகியிருந்தால், ஹீட்சிங்க்கைத் தூக்கும்போது ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள பின்கள் வளையும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் பத்து நிமிடம் வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலையே வரவில்லை.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. இரவு முழுவதும் அணைத்து வைத்துவிட்டு, காலையில் அறையின் வெப்பநிலையைச் சாதாரண தெர்மாமீட்டரில் குறித்துக்கொண்டு கணினியைப் போட வேண்டும். அறை 31 டிகிரி. போட்ட உடனே ஒன்று 38, மற்றொன்று 58. ஹீட்சிங்க் சரியாகப் பதிந்திருந்தால், இரவெல்லாம் ஆறிக் கிடந்த இரும்பு போட்ட உடனே 58-க்கு ஏறாது. சந்தேகம் இங்கேயே பாதி தீர்ந்தது. காற்றில் குளிரும் கணினி அறையைவிடக் குறைவாகவும் காட்ட முடியாது. பழைய ஏஎம்டி எஃப்எக்ஸ் ப்ராசசர்கள் அப்படிக் காட்டும். அவற்றின் எண் உண்மையான டிகிரி இல்லை, ஃபேனை ஓட்டுவதற்கான ஓர் அளவுகோல்தான். சும்மா இருக்கும்போது அதை நம்பக் கூடாது.

அடுத்து எல்லாக் கோர்களுக்கும் 15 நிமிடம் முழுச் சுமை. 42 காட்டியது 66-க்குப் போனது, 62 காட்டியது 86-க்குப் போனது. எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். எப்போதும் சரியாக 20. மாறாத வித்தியாசம் என்றால் சென்சார் ஒன்றுதான், அதன்மேல் யாரோ ஒரு எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் ஃபேன் கட்டுப்பாட்டுக்கான டி-கண்ட்ரோல் அளவில் 20 டிகிரி கூட்டியிருப்பதை ஏஎம்டியே 2017 மார்ச்சில் அறிவித்தது. எல்லா ஏஎம்4 ப்ராசசர்களுக்கும் ஒரே மாதிரி ஃபேன் ஓட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். வெறும் 1700-இல் இந்தக் கூட்டல் கிடையாது, 2700எக்ஸில் 10 டிகிரி. சிலிக்கானின் உண்மைச் சூடு டி-டை என்ற வரியில் இருக்கும். சுமையின்போது கடிகார வேகம் அதன் அடிப்படை வேகமான 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை என்பது, சூடு எல்லையைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. நிஜமாகவே சூடு எல்லையைத் தொட்டிருந்தால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்திருக்கும்.

அசையாத 127 வேறு கதை. மதர்போர்டில் சூடு, ஃபேன் வேகம் போன்றவற்றைக் கண்காணிக்கும் சூப்பர் ஐ/ஓ சிப்பில் பல சென்சார் கால்கள் உண்டு, தயாரிப்பாளர் எல்லாவற்றையும் இணைப்பதில்லை. எதுவும் இணைக்காத கால் 127 அல்லது மைனஸ் 128 காட்டும். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய எண்ணின் இரு முனைகள் அவை. லினக்ஸில் சூட்டைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அந்த வரியைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. அதே சிப்பில் சுமை வந்து சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறும் வரி ஒன்று இருந்தால், அது சாக்கெட்டுக்கு அருகில் போர்டில் உள்ள தெர்மிஸ்டர் என்ற சிறு வெப்ப சென்சார். அது பொய் சொல்லவில்லை, அது அளக்கும் இடம் வேறு. கண்காணிப்பு மென்பொருள் இரண்டை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் இந்தச் சிப் திடீர் திடீரென்று கோணல் எண்களைத் தரும். ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றொன்றைப் பார்க்க வேண்டும்.

இதுவே இன்டெல் ப்ராசசர் என்றால், அதன் உள் சென்சார் உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். மென்பொருள் அதை எல்லையிலிருந்து கழித்துக் காட்டுகிறது. கோர் 2 காலத்து ப்ராசசர்களில் அந்த எல்லையை மென்பொருள் ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் எல்லாக் கோர்களும் ஒரே அளவு தப்பும். எல்லைக்கு அருகே அந்தச் சென்சார் துல்லியம், குளிர்ந்த நிலையில் அவ்வளவு இல்லை.

சுமை தொடங்கிய இரண்டு மூன்று நொடியில் 40-லிருந்து 95-க்குப் பாய்ந்தால் மட்டும் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். ஹீட்சிங்க் சரியாகப் பதியவில்லை. அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள், அல்லது ஹீட்சிங்க்கைப் போர்டோடு பூட்டும் நான்கு புஷ்பின்னில் ஒன்று பூட்டியிருக்காது.

கடைசியாக ஃபேன். இந்தப் போர்டின் பயாஸ் (போர்டிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருள்) 20 கூட்டிய எண்ணைப் பார்த்தே ஃபேனை ஓட்டுகிறது, அதை மாற்ற வழியில்லை. அதனால் எந்தச் சூட்டுக்கு எவ்வளவு ஃபேன் வேகம் என்ற வளைவையே 20 டிகிரி தள்ளி வைத்தோம்: 65 வரை 40 சதவீதம், 85-இல் 70, 100-இல் முழு வேகம். வேகம் கூடும் தாமதத்தை 3 நொடி ஆக்கினோம். சும்மா இருக்கும்போது இரைச்சல் நின்றது, முழுச் சுமையில் டி-டை 69-ஐத் தாண்டவில்லை.